நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பந்து



பள்ளிகள் திறந்து, புதிய கால அட்டவணை பிள்ளைகளின் நோட்டுகளில் ஏறியிருக்கும் நேரம் இது. தொடக்கப் பள்ளிக்குப் போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த அட்டவணையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். விரல் முதலில் போய் நிற்கும் இடம் 'பி.டி.' என்று எழுதிய கட்டமாகத்தான் இருக்கும். இந்த மாதம் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன். குறிப்பாக, ஆறிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியில் கால்பந்து எப்படிச் சொல்லிக்கொடுக்கலாம் என்பதைப் பற்றி.

வழக்கமாக நடப்பது உங்களுக்குத் தெரியும். மணி அடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு பந்து வெளியே வரும். நாற்பது பிள்ளைகள் இரண்டு அணியாகப் பிரிவார்கள். பந்து போகும் இடமெல்லாம் வெல்லக்கட்டியை மொய்க்கும் எறும்புகளாய்க் கூட்டமும் போகும். காலில் பலமுள்ள நாலைந்து பையன்கள் உதைப்பார்கள். மீதிப் பேர் பின்னாலேயே ஓடுவார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த ஓட்டமும் சலித்து, ஒவ்வொருவராக வேப்பமர நிழலுக்கு ஒதுங்குவார்கள். நாற்பது நிமிடப் பாடவேளை, நாற்பது பிள்ளைகள், ஒரு பந்து. சரிசமமாகப் பங்கு போட்டாலே ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு நிமிடம். சரிசமமாகப் பங்கு போகாது என்பதும் நமக்குத் தெரியும். அந்த ஒரு நிமிடம்கூடக் கிடைக்காமல் வகுப்புக்குத் திரும்பும் பிள்ளைகள்தான் அதிகம்.

ஒழுங்காக நடத்த வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியர்கள் வரிசை போடுவார்கள். ஒரு வரிசையில் இருபது பேர். முன்னால் நிற்பவர் ஒருமுறை உதைத்துவிட்டுப் பின்னால் போய் நிற்க வேண்டும். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் கட்டுக்கோப்பான வகுப்பாகத் தெரியும். ஆனால் பிள்ளையின் கால் பந்தைத் தொட்டது மூன்று முறையா, நான்கு முறையா? ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு இருபது பேர் எழுதி முடிக்கும்வரை காத்திரு என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் எழுத்து வராது. காலும் அப்படித்தான் கற்கிறது, திரும்பத் திரும்பத் தொட்டு.

தொடக்கப் பள்ளியில் கால்பந்து நன்றாக நடக்கிறதா என்று பார்க்க நான் நம்பும் அளவுகோல் ஒன்றே ஒன்று: மணி அடிக்கும்போது வகுப்பிலேயே மிகவும் கூச்சப்படும் பிள்ளையின் கால் எத்தனை முறை பந்தைத் தொட்டிருக்கிறது? எத்தனை கோல் விழுந்தது, யார் ஜெயித்தார்கள், மாவட்டப் போட்டிக்கு யாரை அனுப்பலாம் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரவேண்டிய கேள்விகள்.

உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற ஜெர்மனி இந்த விஷயத்தில் அண்மையில் செய்த மாற்றத்தைக் கேளுங்கள். அங்கே ஒவ்வொரு ஊரிலும் சிறுவர் கால்பந்து மன்றங்கள் உண்டு. மைதானத்துக்கும் பயிற்சியாளருக்கும் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட நாட்டிலேயே, சின்னப் பிள்ளைகளைப் பெரிய அணிகளாக விளையாடவிட்டால் வலுவான சிலர்தான் பந்தைத் தொடுகிறார்கள், மற்றவர்கள் ஓரத்திலும் மாற்று ஆட்டக்காரர் பெஞ்சிலுமாக நாளைக் கழிக்கிறார்கள் என்று கண்டுகொண்டார்கள். 2024-25 பருவத்திலிருந்து அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் சிறுவர் ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றிவிட்டது. ஆறேழு வயதுப் பிள்ளைகள் இப்போது இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று என்று சின்னக் கட்டங்களில் விளையாடுகிறார்கள். கட்டத்துக்கு நான்கு குட்டி கோல்கள், பக்கத்துக்கு இரண்டு. கோல்கீப்பர் கிடையாது. புள்ளிப் பட்டியல் கிடையாது. பல கட்டங்களில் ஒரே நேரத்தில் ஆட்டம் நடக்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை விசில் ஊதியதும் ஜெயித்தவர்கள் ஒரு கட்டம் மேலே போவார்கள், தோற்றவர்கள் ஒரு கட்டம் கீழே வருவார்கள். இரண்டு மூன்று சுற்றுக்குள் கெட்டிக்காரப் பிள்ளைகள் கெட்டிக்காரர்களோடும், இப்போதுதான் கற்கத் தொடங்கிய பிள்ளைகள் அவர்களைப் போன்றவர்களோடும் ஆடிக்கொண்டிருப்பார்கள். யாரும் யாரையும் ஒதுக்கவில்லை, ஆனாலும் ஒவ்வொருவரும் தனக்குச் சமமானவரோடு மோதுகிறார்கள். இந்த ஏற்பாட்டின் நுட்பத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

நான்கு கோல் வைத்து மூன்று மூன்று பேராக ஆடும் இந்த யோசனை ஹோர்ஸ்ட் வைன் என்ற ஜெர்மானியருடையது. அவர் ஹாக்கிப் பயிற்சியாளராக இருந்து கால்பந்துக்கு வந்தவர். ஒரு பக்கம் அடைபட்டால் இன்னொரு கோலை நோக்கித் திரும்ப வேண்டும். ஆகவே பிள்ளை தலையைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும். 'மேலே பார், மேலே பார்' என்று ஆசிரியர் தொண்டை வறளக் கத்த வேண்டியதில்லை. ஆட்டமே பார்க்க வைக்கிறது.

நம் பள்ளிக்கு இதில் எது பொருந்தாது என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. குட்டி கோலுக்கு இரும்புக் கம்பம் வேண்டாம். மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில் இரண்டு போதும். கட்டம் போடச் சுண்ணாம்புத் தூள் போதும். கையால் தூக்கி இடம் மாற்றும் இரும்பு கோல் போஸ்டுகளைச் சின்னப் பிள்ளைகள் பக்கமே கொண்டுவர வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். தரையோடு சரியாகப் பிணைக்காத கம்பத்தில் பிள்ளைகள் தொங்கி, அது தலைமேல் சாய்ந்து உயிர் போன விபத்துகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

பந்துதான் முக்கியம். அதில் நாம் அடிக்கடி தவறவிடும் ஒன்று அளவு. பெரியவர்கள் ஆடும் ஐந்தாம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் பாதத்துக்கு அது பாரம். உள்பாதத்தால் தள்ளினால் நகராது. வலி தெரியாமல் இருக்க அந்தப் பிள்ளை கட்டைவிரல் நுனியால் குத்தப் பழகிவிடும், பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு. எட்டு வயதுக்குக் கீழே மூன்றாம் எண் பந்து, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை நான்காம் எண் பந்து என்பதுதான் பொதுவான வழக்கம். காற்றைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கல்லாக இறுகிய பந்தைக் கண்டால் பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும்.

மைதானமே இல்லாத பள்ளிகள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சென்னை, மதுரை, கோவை என்று எந்த நகரத்தை எடுத்தாலும், நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த ஒரு சிமென்ட் முற்றம் மட்டுமே உள்ள பள்ளிகள் ஏராளம். அவர்களுக்கு உருகுவேயின் கதையைச் சொல்ல வேண்டும். 1930இல் முதல் உலகக் கோப்பைப் போட்டி அந்த நாட்டுத் தலைநகர் மான்டிவிடியோவில் நடந்தது. சொந்த மண்ணிலேயே உருகுவே கோப்பையை வென்றது. ஊரெல்லாம் கால்பந்துப் பித்து. அதே ஆண்டில், அதே நகரத்தில், ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி, கூடைப்பந்துக் களத்துக்குள் ஐந்து ஐந்து பேராக ஆடும் குட்டிக் கால்பந்துக்கு விதிகளை எழுதினார். அதுதான் இன்று ஃபுட்சால். அதற்கென்றே அதிகம் துள்ளாத பந்து இருக்கிறது. சிமென்ட் தரையில் சாதாரணப் பந்து எகிறி எகிறி ஜன்னலுக்குப் போகும். துள்ளாத பந்து காலடியிலேயே கிடக்கும். இடம் குறுகக் குறுக பந்தைத் தொடும் வாய்ப்பு கூடுகிறது. பிரேசிலின் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் சிறுவயதில் இப்படிப்பட்ட குறுகிய களங்களில் கால் பழகியவர்கள். பெரிய மைதானம் வரட்டும் என்று காத்திருக்கும் தலைமையாசிரியர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இதே ஒய்.எம்.சி.ஏ. இயக்கத்தின் வழியாகத்தான் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சியும் நம் ஊருக்கு வந்தது. 1920இல் ஹாரி க்ரோ பக் சென்னையில் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இயங்குகிறது. நூறு ஆண்டுக்கு மேலான அந்த மரபு உயர்நிலைப் பள்ளிகளுக்கு நல்ல ஆசிரியர்களைத் தந்திருக்கிறது. தொடக்கப் பள்ளிக்கு அது இன்னும் சரியாக இறங்கி வரவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும், ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்கள் தரவேண்டும் என்கிறது. ஆனால் உடற்கல்விக்கான பகுதிநேரப் பயிற்றுநர் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைதான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான். ஒன்றிலிருந்து ஐந்துவரை வகுப்பாசிரியரே எல்லாம்.

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஒன்றில் இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள் என்று இருக்கும் இடத்தில் 'உடற்கல்வி நிபுணர் வரட்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே இந்தக் கடிதத்தின் மீதிப் பகுதியை, தன் வாழ்நாளில் பந்தை உதைத்தே இராத ஒரு வகுப்பாசிரியையை மனத்தில் வைத்து எழுதுகிறேன். டீச்சர், நீங்கள் சேலையோடு ஓட வேண்டியதில்லை. உதைத்துக் காட்ட வேண்டியதும் இல்லை. ஒரு விசிலும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும்.

முதல் இரண்டு வகுப்புப் பிள்ளைகளுக்கு 'பாஸ் குடு' என்று சொல்லாதீர்கள். அந்த வயதில் பந்து 'என்னுடையது'. தன் காலுக்கு வந்த பந்தை இன்னொருவருக்குக் கொடுப்பதில் என்ன நியாயம் என்று அந்தப் பிள்ளைக்குப் புரியாது, புரிய வேண்டிய வயதும் அதுவல்ல. அவர்களுக்கு வேண்டியது டிரிபிளிங், அதாவது பந்தைக் காலோடு ஒட்டவைத்து எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போவது. முதலில் நின்ற இடத்திலேயே பந்தின் தலைமேல் இடது பாதம், வலது பாதம் என்று மாற்றி மாற்றித் தொடச் சொல்லுங்கள். பிறகு பாதத்தின் அடிப்பக்கத்தால் பந்தைப் பின்னால் இழுக்கட்டும். இரண்டு உள்பாதங்களுக்கு நடுவே தட்டித் தட்டி விளையாடட்டும். பந்தோடு உறவாடும் இந்தச் சின்னப் பயிற்சிகளை ஒரு முறையாகவே வளர்த்தவர் வீல் கூர்வர் என்ற டச்சுப் பயிற்சியாளர். 1974இல் ஃபெயனூர்ட் அணிக்கு யூஈஎஃப்ஏ கோப்பையை வாங்கித் தந்தவர். திறமை பிறவியிலேயே வருவது என்று பலரும் சொல்லிவந்த காலத்தில், பெரிய ஆட்டக்காரர்களின் கால் அசைவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று காட்டினார்.

டிரிபிளிங்கை விளையாட்டாக மாற்ற நம்மிடமே நல்ல சரக்கு இருக்கிறது. கல்லா மண்ணா ஆடாத தமிழ்ப் பிள்ளை உண்டா? சுண்ணாம்பால் போட்ட வட்டங்கள் எல்லாம் கல், மற்ற இடமெல்லாம் மண் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரிடமும் ஒரு பந்து. வட்டத்துக்குள் பந்தோடு நின்றால் பிடிக்க முடியாது. ஆனால் ஒரே வட்டத்தில் ஐந்து எண்ணும் வரைதான் நிற்கலாம், பிறகு பந்தோடு மண்ணில் இறங்கி அடுத்த வட்டத்துக்குப் போக வேண்டும். பந்தை விட்டுவிட்டு ஓடுவது செல்லாது. பத்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் பந்தை நூறு தடவைக்கு மேல் தொட்டிருக்கும். தான் பயிற்சி செய்தோம் என்பதே அதற்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிடிபட்டவரை 'அவுட்' என்று வெளியே உட்கார வைக்காதீர்கள். முதலில் பிடிபடும் பிள்ளைக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை, அதையே ஓரத்தில் உட்கார வைத்தால் என்ன பயன்? பிடிபட்டவர் பந்தின்மேல் பத்து முறை பாதம் மாற்றித் தொட்டுவிட்டு மறுபடியும் உள்ளே வரட்டும்.

இன்னொரு எளிய விளையாட்டு. பிள்ளைகள் பந்தோடு சுற்றிவரும்போது நீங்கள் கையைத் தூக்கி மூன்று விரலோ, ஐந்து விரலோ காட்டுங்கள். பந்து காலைவிட்டுப் போகாமல் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். இதற்கு மேல் எதுவும் வேண்டாம், கண் தானாகப் பந்திலிருந்து மேலே ஏறும்.

மூன்றாம் வகுப்பிலிருந்து பாஸ் வரலாம். எட்டு வயதில் பிள்ளைக்கு நண்பன் தெரிகிறான், தோழி தெரிகிறாள். உள்பாதப் பாஸைச் சொல்லிக்கொடுக்க மூன்று விஷயங்கள் போதும். உதைக்காத கால் பந்துக்குப் பக்கத்தில், யாருக்குக் கொடுக்கிறோமோ அவரைப் பார்த்தபடி ஊன்ற வேண்டும். உதைக்கும் காலின் கணுக்கால் ஆடாமல் இறுக்கமாக இருக்க வேண்டும். பந்தின் நட்டநடுவில் பட வேண்டும். அடியில் பட்டால் பந்து எழும்பும், ஓரத்தில் பட்டால் விலகும். இதை விளக்கிச் சொல்லிக்கொண்டே நிற்காமல், இரண்டு பாட்டில்களுக்கு நடுவே பாஸ் போக வேண்டும் என்று மட்டும் சொல்லி ஜோடி ஜோடியாக விட்டுவிடுங்கள். வராத பிள்ளையின் பக்கத்தில் போய், மூன்றில் எது தவறுகிறது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால் எதுவும் காலுக்குப் போய்ச் சேராது.

வரும் பந்தை கன்ட்ரோல் செய்வதுதான் பிள்ளைகளுக்குச் சிரமம். காலை விறைப்பாக நீட்டுவார்கள், பந்து பட்டுத் திரும்பி ஓடிவிடும். பந்து படும் அந்தக் கணத்தில் பாதத்தைச் சற்றே பின்னால் இழுக்க வேண்டும். நான் பார்த்த ஓர் ஆசிரியை இதற்கு மொழியே பயன்படுத்தவில்லை. தண்ணீர் நிரப்பிய பலூனைப் பிள்ளைகளிடம் எறிந்து பிடிக்கச் சொன்னார். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லோருடைய கையும் தானாகப் பின்னால் போனது. 'இதையே காலால் செய்யுங்கள்' என்றார். அவ்வளவுதான் பாடம்.

வலது காலைப் போல இடது காலையும் பழக்குங்கள். பத்து வயதுக்குள் பழகினால் இரண்டும் வரும். பார்வைக் குறைவுள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் பந்தை ஒரு பாலித்தீன் பையில் சுற்றிக் கட்டிவிடுங்கள். உருளும்போது சலசலக்கும், ஓசையை வைத்தே அந்தப் பிள்ளை பந்தைத் தேடிப் பிடிக்கும். மற்றவர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு அதே பந்தில் ஆடிப் பார்க்கட்டும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பில் ஆட்டத்தை யோசிக்கச் சொல்லிக்கொடுக்கலாம். 1982இல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்க்கர், ராட் தார்ப் இருவரும் பள்ளி உடற்கல்வியைத் திருப்பிப் போட்ட ஒரு முறையை முன்வைத்தார்கள். அதுவரை திறன்களை ஒவ்வொன்றாகப் பழக்கிவிட்டுக் கடைசியில்தான் ஆட்டம் என்பது வழக்கம். பல பிள்ளைகளுக்கு அந்தக் கடைசி வரவே வராது. இவர்கள் ஆட்டத்தை முதலில் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு ஏற்றபடி சுருக்கிய ஆட்டத்தை ஆடவிட்டு, நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கச் சொன்னார்கள். 'இப்போது எந்தப் பக்கம் காலியாக இருக்கிறது?' 'நீ எங்கே போய் நின்றால் அவளால் உனக்குப் பந்து தர முடியும்?' பதிலைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். அதைச் செய்யப் பாஸ் வரவில்லை என்று தெரிந்ததும், 'பாஸ் சொல்லிக்கொடுங்க மிஸ்' என்று அவர்களே வந்து நிற்பார்கள். கேள்வி கேட்பதில் நம் வகுப்பாசிரியர்களை மிஞ்ச ஆளில்லை. பந்து உதைக்கத் தெரியாதவர்களும் நல்ல கால்பந்து ஆசிரியராக முடியும் என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

தலையால் முட்டுவது பற்றிப் பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. தொடக்கப் பள்ளியில் அது வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இலேயே பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் தலையால் முட்டுவதைத் தடுத்தது. 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு ஒன்று, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டது. காரணம் தலையால் முட்டியதுதான் என்று அந்த ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் காத்திருக்கவில்லை. 2020 பிப்ரவரியில் தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டுவதை நிறுத்திவிட்டன. நம் பள்ளிகளில் இதற்குச் சுற்றறிக்கை வரட்டும் என்று பார்க்க வேண்டாம். பந்து தரையில் உருளட்டும், சின்னப் பிள்ளைகளுக்கு அங்கேதான் கற்க நிறைய இருக்கிறது.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன். பி.டி. பீரியட் வந்ததும் பையன்களுக்குப் பந்து, பெண் பிள்ளைகளுக்கு ஸ்கிப்பிங் கயிறு என்று பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் நம் பள்ளிகளை விட்டுப் போகவில்லை. தேசிய அளவிலான மகளிர் கால்பந்துப் போட்டியில் பல்லாண்டுகளாக மணிப்பூரின் கொடிதான் பறந்தது. 2018இல் கட்டாக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் அந்த மணிப்பூரையே 2-1 என்று வென்று கோப்பையைக் கொண்டுவந்தவர்கள் தமிழ்நாட்டுப் பெண்கள். 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை வென்று மறுபடியும் கொண்டுவந்தார்கள். இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர். எளிய குடும்பத்துப் பெண் பிள்ளைகள் அந்த மாவட்டத்தில் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்கு வந்ததால்தான் இது நடந்தது. ஆண்கள் அணி தேசிய அளவில் காட்டாத சாதனையை இந்தப் பெண்கள் காட்டியிருக்கிறார்கள். அப்படியிருக்க இரண்டாம் வகுப்புச் சிறுமியிடம் 'நீ ஓரமா நின்னு கயிறு ஆடு' என்று சொல்ல நமக்கு என்ன உரிமை?

பெண் பிள்ளைகளுக்குத் தனி அணி தேவையில்லை. பத்து வயது வரை உயரத்திலும் வேகத்திலும் பெரிய வித்தியாசம் கிடையாது. கலந்தே ஆடலாம். வித்தியாசம் தெரிகிறது என்றால் அது வீட்டிலும் தெருவிலும் பையன்களுக்கு முன்பே பந்து கிடைத்துவிட்டதால் வந்தது. பள்ளி அதைச் சரிசெய்ய வேண்டிய இடம். அணி பிரிக்கும்போது இரண்டு கேப்டன்களை நிற்க வைத்து 'நீ ஒருத்தனைக் கூப்பிடு, நான் ஒருத்தனைக் கூப்பிடுறேன்' என்று தேர்ந்தெடுக்கவிடாதீர்கள். கடைசிவரை யாரும் கூப்பிடாமல் நிற்கும் பிள்ளை எது என்று வகுப்புக்கே தெரியும். கலர் நாடாவை நீங்களே கையில் கட்டிவிடுங்கள், தீர்ந்தது வேலை.

வடசென்னை வியாசர்பாடியைப் பற்றி இந்த இதழின் நடுப்பக்கக் கட்டுரையில் விரிவாகப் படிப்பீர்கள். கால்பந்து அங்கே தெருவின் சொத்து. மாலையில் முல்லை நகர்த் திடலுக்குப் போனால் பால்வாடி வயதுப் பிள்ளைகளிலிருந்து கல்லூரி மாணவர்கள் வரை ஆடிக்கொண்டிருப்பார்கள். சென்னையின் எஃப்.சி. அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடிய தனபால் கணேஷ் அந்த மண்ணிலிருந்து வந்தவர். ஆனால் ஒரு கணேஷ் வந்தார் என்பதற்காக மட்டும் வியாசர்பாடியைக் கொண்டாடினால் அந்த ஊரை நாம் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றே நினைக்கிறேன். அங்கே அண்ணன்கள் தம்பிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆடிப் பழகியவர்கள் வளர்ந்தபின் அதே திடலுக்குத் திரும்பி வருகிறார்கள். இந்திய அணிக்குப் போகாத ஆயிரம் பிள்ளைகளுக்கும் அந்தத் திடல் ஒரு மாலைப் பொழுதைத் தந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

விளையாடினால் கணக்கு நன்றாக வரும், ஞாபகசக்தி கூடும் என்று சொல்லிப் பெற்றோரைச் சம்மதிக்க வைக்கலாம் என்று சில வாசகர்கள் எழுதியிருந்தீர்கள். உங்கள் நல்லெண்ணம் புரிகிறது. ஆனாலும் விளையாட்டை அப்படி விலைபேச எனக்கு மனம் வரவில்லை. ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடம்புக்கு அது தேவை என்பதே போதுமான காரணம். ஓடும்போது பிள்ளை சிரிக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். கணக்குப் பாடம் முடியவில்லை என்று பி.டி. பீரியடைக் கடன் வாங்கும் ஆசிரியர்களிடமும் இதைத்தான் சொல்வேன். அந்தக் கடனை யாரும் திருப்பித் தருவதில்லை.

நேரத்தையும் கொஞ்சம் மாற்றிப் போடலாம். பெரும்பாலான பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் ஆடுவார்கள். நம் ஊர் வெயிலில் பதினொரு மணிக்கு மேல் சிமென்ட் தரை பாதத்தைப் பொசுக்கும். விளையாட்டைக் காலையிலோ கடைசிப் பாடவேளையிலோ வையுங்கள். முன்பெல்லாம் காலையில் வைத்தால் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் மயங்கி விழுவார்கள் என்ற பயம் ஆசிரியர்களுக்கு இருந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் அந்தப் பயத்தைப் பெரிதும் குறைத்திருக்கிறது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஆடவிடலாம். தொடங்குமுன் நெருஞ்சி முள்ளும் கண்ணாடித் துண்டும் கிடக்கிறதா என்று பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்துங்கள்.

பந்துக்கு எங்கே போவது? ஃபிஃபாவும் மத்தியக் கல்வி அமைச்சகமும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் 2022இல் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 'பள்ளிகளுக்குக் கால்பந்து' என்ற அந்தத் திட்டத்தில் நாடெங்கும் பள்ளிகளுக்கு 11 லட்சத்துக்கும் மேற்பட்ட பந்துகளைக் கொடுப்பதாக அறிவித்தார்கள். வந்த பந்து அலமாரிக்குள்ளேயே இருந்துவிடக்கூடாது என்பதுதான் என் கவலை. பந்து கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் பதில் சொல்வது என்ற அச்சத்தில் பூட்டி வைக்கும் தலைமையாசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவர்கள் இல்லை. தணிக்கைக்குப் பயந்தவர்கள். விளையாட்டுப் பொருள் தேய்வது இயல்பு, கிழிந்த பந்தை எழுதித் தள்ளுவது எளிது என்று வட்டாரக் கல்வி அலுவலர்கள் வாய்விட்டுச் சொன்னால் பல அலமாரிகள் திறக்கும்.

பெற்றோர்களே, நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவரோடு இதையும் ஒரு பொருளாக எழுதச் சொல்லுங்கள்: மூன்றாம் எண் பந்து பத்து. நாற்பது பேருக்குப் பத்துப் பந்து என்றால் நான்கு பேருக்கு ஒன்று. அதே நாற்பது நிமிடத்தில் ஒரு பிள்ளைக்கு இப்போது பத்து நிமிடம். ஊரைவிட்டு வெளியூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு பந்து வாங்கித்தர யாரும் யோசிக்க மாட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியில் பந்தை வைத்துப் பிள்ளைகளோடு ஆடும் ஆட்டம் ஏதாவது இருந்தால் அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எத்தனை பேர், எவ்வளவு இடம், எந்த வகுப்பு, விதி என்ன என்று இருந்தால் போதும். கட்டத்தைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். வரும் ஆட்டங்களைத் தொகுத்து, சுவரில் ஒட்டும்படி ஒரு பெரிய தாளாக அச்சிட்டு இதழோடு தர ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். காலாண்டுத் தேர்வுக்கு முன் உங்கள் கடிதங்கள் வந்துவிட்டால் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போது தாள் உங்கள் கையில் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்